சத்தத்தைக் கூட்ட முதல்: இரண்டு ஒலிகள் காதுக்குள் சந்திக்கும்போது என்ன நடக்கிறது

யாழ்ப்பாணத்தில் இணுவில் பக்கத்தில் ஒரு கோயில் திருவிழாவில் நான் முதன்முதலாக மிக்சருக்கு முன்னால் இருந்தபோது பாட்டுக்காரரின் சொற்கள் சனத்துக்கு விளங்கவில்லை. மைக்கைக் கூட்டினேன், விளங்கவில்லை. இன்னும் கூட்டினேன், மைக் கூவத் தொடங்கிவிட்டது. மேடை ஓரத்தில் தன் முறைக்காகக் காத்திருந்த வயதான தவில் வித்துவான் ஒருவர் எழும்பி வந்து காதோடு சொன்னார்: "தம்பி, சத்தத்தைக் கூட்டாதையும். அந்தச் சுருதிப் பெட்டியைக் கொஞ்சம் குறைச்சுப் பாரும்." "ஓம் ஐயா" என்று சொல்லிச் சுருதிப் பெட்டியைப் பாதிக்குக் குறைத்தேன். மைக்கைத் தொடவே இல்லை. ஆனால் சொற்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

அந்த மனிதர் கையால் கற்றதை நான் பிறகு பல மாதங்கள் படித்தும் கேட்டும் விளங்கிக்கொண்டேன். காது மைக்ரோபோன் மாதிரி வேலை செய்வதில்லை. இரண்டு ஒலிகள் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் அவை காதுக்குள் ஒன்றோடொன்று மோதும், அல்லது ஒன்று மற்றதை மூடிவிடும். எது எதை மூடுகிறது என்று தெரிந்தால் பாதிப் பிரச்சினைக்கு மேல் சத்தத்தைக் கூட்டாமலே தீரும். வயலினோ வீணையோ பழகத் தொடங்கியவர்களுக்கும், கோயிலிலும் சனசமூக நிலையத்திலும் ஸ்பீக்கர் செற் பார்க்க முன்வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கும் என்று நினைத்து இதை எழுதுகிறேன். வாசித்தால் மட்டும் போதாது, செய்து பாருங்கள். ஒரு பின்னேரம் போதும்.

தேவையான சாமான் அதிகம் இல்லை. இரண்டு கைபேசிகள். இரண்டிலும் ஒரு தொனியை மட்டும் எழுப்பும் இலவசச் செயலி ஒன்று. காதை நன்றாக மூடும் ஹெட்போன். பிற்பகுதிச் சோதனைகளுக்கு ஒரு கணினியும் அதில் ஒடாசிட்டி என்ற இலவச மென்பொருளும். ஊர் அடங்கிய பிறகு, மின்விசிறியை நிறுத்திவிட்டு இருங்கள்.

ஒரு எச்சரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தனித் தொனிகள் காதை ஏமாற்றும். பாட்டைப் போலச் சத்தமாகத் தெரியாமலே காதைக் களைக்க வைக்கும். எப்போதும் சத்தத்தை அடிமட்டத்தில் வைத்துத் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டுங்கள். 85 டெசிபெல்லில் ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம் வரை இருக்கலாம் என்பது தொழிற்சாலைகளுக்குப் பரிந்துரைக்கப்படும் எல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபெல் என்றால் 15 நிமிடம்தான். கோயில் வீதியில் ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் விளையாடும் பிள்ளைகளைக் கண்டால் தயவுசெய்து கூப்பிட்டு அப்பால் விடுங்கள். உள்காதின் மயிர்க்கலங்கள் ஒருமுறை செத்தால் மனிதருக்குத் திரும்ப முளைக்காது.

இரண்டு மிசின், ஒரு "வூம்"

உரும்பிராய், கோப்பாய்ப் பக்கத்துத் தோட்டங்களில் விடியற்காலையில் நின்றவர்களுக்கு இது தெரிந்திருக்கும். ஒரு கிணற்றில் இறைப்பு மிசின் ஓடிக்கொண்டிருக்கும். பக்கத்துக் காணிக்காரர் தன்னுடையதையும் இழுத்து விடுவார். இரண்டும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் ஓடத் தொடங்கியதும் சத்தம் ஒரு சீராக இராது. "வூம்... வூம்... வூம்..." என்று ஏறி இறங்கும். யாரும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கவில்லை. கணக்குக்கு, ஒரு மிசின் நிமிடத்துக்கு 1500 தடவையும் மற்றது 1530 தடவையும் வெடிக்கிறது என்று வையுங்கள். வித்தியாசம் 30. ஆகவே நிமிடத்துக்கு 30 "வூம்", அதாவது இரண்டு செக்கனுக்கு ஒன்று. இரண்டு அலைகளும் ஒன்றாக ஏறும்போது சத்தம் பெருகுகிறது, ஒன்று ஏற மற்றது இறங்கும்போது சத்தம் அடங்குகிறது. உயர்தரப் பௌதிகவியலில் "அடிப்பு" என்று படித்தது இதைத்தான்.

இதை மேசையில் செய்து பாருங்கள். ஒரு கைபேசியில் 440 ஹேர்ட்ஸ், மற்றதில் 442 ஹேர்ட்ஸ் வையுங்கள். (ஹேர்ட்ஸ் என்பது செக்கனுக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு. எங்கள் பாடநூல்கள் மீடிறன் என்று சொல்வதைத் தமிழ்நாட்டில் அதிர்வெண் என்பார்கள், இரண்டும் ஒன்றுதான்.) இரண்டையும் ஒரே அளவு சத்தத்தில் அருகருகே வைத்தால் செக்கனுக்கு இரண்டு அடிப்புக் கேட்கும். கடிகாரத்தைப் பார்த்து எண்ணுங்கள். இப்போது 442ஐ 441 ஆக்குங்கள். அடிப்பு மெதுவாகும். 440 ஆக்கினால் நின்றுவிடும்.

பிறகு எதிர்ப்பக்கமாகப் போங்கள். 445, 450, 455. அடிப்பு வேகமாகி, செக்கனுக்குப் பதினைந்து இருபதைத் தாண்டும்போது எண்ண முடியாமல் போகும். அந்த இடத்தில் ஒலி மாறுகிறது. தனித்தனி அடிப்பாக இல்லாமல், அரத்தால் தேய்ப்பது போன்ற ஒரு கரகரப்பாகக் கேட்கும். இன்னும் விலக்கிக்கொண்டே போங்கள். 480, 500, 540. ஒரு கட்டத்தில் கரகரப்புக் குறைந்து இரண்டு தெளிவான தொனிகளாகப் பிரியும். அவசரப்படாமல் இந்தப் பயணத்தை நாலைந்து தடவை போய் வாருங்கள். இந்தக் கட்டுரையில் வரும் மற்ற எல்லாவற்றுக்கும் இதுதான் திறவுகோல்.

ஏன் அந்தக் கரகரப்பு?

உள்காதில் நத்தை ஓடு போலச் சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. அதை நீட்டி வைத்தால் உள்ளே ஏறத்தாழ 35 மில்லிமீற்றர் நீளத்தில் ஒரு மென்சவ்வு. உயர்ந்த தொனி வந்தால் வாசற்பக்கம் அசையும், தாழ்ந்த தொனி வந்தால் உள் நுனிப்பக்கம் அசையும். ஒலி இந்தச் சவ்வில் அலையாக ஓடிப்போய் தனக்குரிய இடத்தில் உச்சம் கொள்வதைக் காட்டியவர் ஹங்கேரியில் பிறந்த கேயார்க் வொன் பேக்கசி. அதற்காக 1961இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அசைவு ஊசிமுனை அளவில் நடப்பதில்லை. ஒவ்வொரு தொனியும் சவ்வில் கொஞ்ச அகலத்தைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு தொனிகள் தூரத்தில் இருந்தால் ஆளுக்கொரு இடம் கிடைக்கும். கிட்ட வந்தால் ஒரே இடத்துக்கு அடிபடும். அந்த அகலத்தைப் "பட்டை" என்று சொல்வோம். 500 ஹேர்ட்ஸுக்குக் கீழே அது சுமார் 100 ஹேர்ட்ஸ். அதற்கு மேலே, நிற்கிற மீடிறனில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு. 1000 ஹேர்ட்ஸில் சுமார் 160, 4000 ஹேர்ட்ஸில் சுமார் 700. ஜேர்மனியின் ஸ்விக்கர் முழுக் கேட்டல் வீச்சையும் இப்படி 24 பட்டைகளாகப் பிரித்தார்.

சங்கீதம் பழகுகிறவர்களுக்கு இன்னொரு விதமாகச் சொல்லலாம். ஐந்தில் ஒரு பங்கு என்பது சட்ஜத்துக்கும் சாதாரண காந்தாரத்துக்கும் இடைப்பட்ட தூரம், 6:5. மேல் ஸ்தாயியில் அதைவிடக் கிட்ட நிற்கும் இரண்டு சுரங்களைச் சேர்த்து ஒலித்தால் அவை ஒரே பட்டைக்குள் விழுந்து உரசும். கீழ் ஸ்தாயியில் நிலைமை இன்னும் மோசம். 100 ஹேர்ட்ஸில் ஒரு சட்ஜமும் 150இல் அதன் பஞ்சமமும் கூட ஒரே பட்டைக்குள் வந்துவிடும். அடித்தொனிகளைக் குவித்தால் ஏன் சேறு கலங்கிய மாதிரிக் கேட்கிறது என்பதற்கு இதுதான் காரணம். ஒல்லாந்தின் ப்ளொம்ப், லெவெல்ட் இருவரும் 1965இல் வெளியிட்ட அளவீடுகளின்படி, பட்டையின் கால் பங்கு அளவு விலகல் இருக்கும்போதுதான் கரகரப்பு உச்சத்தில் இருக்கும்.

சுருதி கூட்டுகிறவருக்கு இது எங்கே உதவும்

சட்ஜமும் பஞ்சமமும் தூரத்தில் நிற்கும் சுரங்கள், அவற்றுக்கிடையே அடிப்பு எங்கிருந்து வரும் என்று கேட்கலாம். நரம்பு ஒரு தொனியை மட்டும் தருவதில்லை. 200 ஹேர்ட்ஸில் சட்ஜ நரம்பு அதிர்ந்தால் 400, 600, 800 என்று மேற்றொனிகளும் கூடவே வரும். சரியான பஞ்சமம் 300. அதன் மேற்றொனிகள் 600, 900. இரண்டு நரம்பும் 600இல் சந்திக்கின்றன. பஞ்சமம் 301க்கு ஏறியிருந்தால் அதன் இரண்டாவது தொனி 602. சட்ஜத்தின் 600உடன் அது செக்கனுக்கு இரண்டு தடவை அடிக்கும்.

ஆகவே வயலினில் இரண்டு நரம்பையும் சேர்த்து நீளமாக வில் போடுங்கள். அடித்தொனியைக் கேட்காதீர்கள். அதற்கு மேலே, மெல்லிய விசில் போல ஒன்று நெளிவதைத் தேடுங்கள். அதைப் பிடித்துவிட்டால் பிருடையை மயிரிழை திருப்புங்கள். நெளிவு வேகமானால் பிழையான பக்கம் போகிறீர்கள். மெதுவானால் சரியான பக்கம். நின்றுவிட்டால் அங்கேயே விட்டுவிடுங்கள். கைபேசியின் சுருதிச் செயலி காட்டும் பச்சை விளக்கைவிட இது நுட்பமானது. ஆசிரியர்கள் "நரம்பு பேசுது, பேசேல்லை" என்று சொல்வதன் பொருளும் இதற்குப் பிறகு விளங்கும்.

தோல் வாத்தியங்களுக்குப் பொதுவாக இந்த ஒழுங்கு கிடையாது. சாதாரண முரசின் மேற்றொனிகள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் சிதறியிருக்கும். மிருதங்கத்தின் வலந்தலையில், அதாவது வலப்பக்கத் தோலில், பூசும் கரணை என்ற கரும்பசை அந்தச் சிதறலை இழுத்துப் பிடித்து, நரம்பின் மேற்றொனிகளைப் போல ஒழுங்குக்குக் கொண்டுவருகிறது. இதை 1920இல் அறிவியல் உலகுக்கு எழுதியவர் சி. வி. இராமன். எங்கள் கைவினைஞர்கள் சோதனைச்சாலை இல்லாமல் காதால் மட்டும் இதைக் கண்டடைந்தார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

இல்லாத தொனி

இப்போது ஒரு கைபேசியில் 1000, மற்றதில் 1200. ஒரே செயலியில் இரண்டையும் எழுப்ப வேண்டாம், சின்ன ஸ்பீக்கரே தொனிகளைக் கலந்து குழப்பிவிடும். சத்தத்தை மிதமாகக் கூட்டி, 1200ஐ மெதுவாக 1250 வரை நகர்த்துங்கள். அது ஏற ஏற, அடியில் எங்கோ ஒரு மங்கலான தொனி இறங்குவது கேட்கிறதா? அது 800இலிருந்து 750க்குப் போகிறது. முதல் தொனியை இரண்டால் பெருக்கி இரண்டாவதைக் கழித்தால் வரும் எண். அறையில் அப்படி ஒரு ஒலி இல்லை, உங்கள் காதே அதை உண்டாக்குகிறது. முதல் தடவையில் கேட்காவிட்டால் பரவாயில்லை. அசையாமல் நிற்கும் தொனியை மூளை தள்ளிவிடும். அசைத்தால்தான் பிடிபடும். சத்தம் கூடினால் இரண்டின் வித்தியாசமான 200, ஏறுமுகமாக, சிலருக்குக் கேட்கும். இத்தாலிய வயலின் கலைஞர் தர்த்தினி 18ஆம் நூற்றாண்டிலேயே இதைக் கவனித்து "மூன்றாவது ஒலி" என்று பெயர் வைத்தார்.

இது விளையாட்டுக் காட்டல் இல்லை. காது உண்டாக்கும் இந்த ஒலி வெளியேயும் கசிகிறது. 1978இல் டேவிட் கெம்ப் காதிலிருந்து ஒலி வெளிவருவதை அளந்து காட்டினார். பேச முடியாத பச்சைக் குழந்தையின் காதில் சின்னக் குழாயை வைத்து இரண்டு தொனிகளை அனுப்பி, மூன்றாவது திரும்பி வருகிறதா என்று பார்க்கும் பரிசோதனை அதிலிருந்து வந்தது. திரும்பி வந்தால் அந்த இடத்து மயிர்க்கலங்கள் உயிரோடு வேலை செய்கின்றன.

வேறொரு இல்லாத தொனியும் உண்டு, அது மூளையின் வேலை. ஒடாசிட்டியில் 400, 600, 800 மூன்றையும் சேர்த்து எழுப்பினால் 200இன் சுருதி கேட்கும், 200 அதில் இல்லாமலே. வெளிநாட்டிலிருக்கும் அண்ணனின் கட்டைக் குரலைப் பழைய தொலைபேசியில் அடையாளம் கண்டுகொண்டோமே, அந்தக் கம்பி 300 ஹேர்ட்ஸுக்குக் கீழே எதையும் கடத்தவில்லை. அவருடைய குரலின் அடித்தொனி 120 அளவில்தான் இருந்திருக்கும். மேற்றொனிகளின் இடைவெளியைப் பார்த்து மூளை அதை நிரப்பிக்கொண்டது.

ஹெட்போனில் இடக்காதுக்கு 440, வலக்காதுக்கு 444 கொடுத்தாலும் தலைக்கு நடுவில் ஒரு மெல்லிய அசைவு தெரியும். இரண்டு ஒலியும் காற்றில் சந்திக்கவே இல்லை, மூளைத்தண்டில்தான் சந்திக்கின்றன. இதைக் கொண்டு நோய் தீரும், பரீட்சையில் புள்ளி கூடும் என்று சொல்லும் காணொளிகளுக்கு நேரம் கொடுக்காதீர்கள்.

மூடுவது எது, மூடப்படுவது எது

இனி ஒலி மறைப்பு. ஸ்பீக்கர் பார்க்கிறவர்கள் இந்தப் பகுதியை இரண்டு தடவை செய்யுங்கள்.

ஒடாசிட்டியில் ஒரு தடத்தில் 500 ஹேர்ட்ஸ் தொனியை நல்ல சத்தமாக வையுங்கள். இன்னொரு தடத்தில் 800ஐ வைத்து, அதை மட்டும் விட்டுவிட்டு வருமாறு துண்டு துண்டாக வெட்டிக்கொள்ளுங்கள், தேடுவது சுலபமாக இருக்கும். ஹெட்போனில் கேட்டுக்கொண்டே 800இன் அளவைக் குறைத்துக்கொண்டு வாருங்கள். அது காணாமல் போகும் இடத்தில் டெசிபெல் எண்ணைக் குறித்து வையுங்கள். பிறகு மாற்றிச் செய்யுங்கள். 800 சத்தமாக, 500 துண்டு துண்டாக. இந்த முறை இன்னும் எவ்வளவோ கீழே இறக்கினாலும் 500 கேட்டுக்கொண்டே இருக்கும்.

இந்த இரண்டு எண்ணுக்கும் இடையிலுள்ள வித்தியாசம்தான் நான் சொல்ல வந்த விஷயத்தின் நெஞ்சு. தாழ்ந்த ஒலி மேலே உள்ளதை மூடும். உயர்ந்த ஒலி கீழே உள்ளதை அவ்வளவாக மூடாது. 1876இலேயே அமெரிக்கரான மேயர் இதைக் கவனித்தார். 1924இல் வேகலும் லேனும் தொனி தொனியாக அளந்து வரைபடம் போட்டார்கள். காரணம் சவ்விலேயே இருக்கிறது. அலை வாசலிலிருந்து உள்ளே ஓடுகிறது. தாழ்ந்த தொனியின் அலை தன் இடத்துக்குப் போகும் வழியில் உயர்ந்த தொனிகளின் இடங்களையெல்லாம் மிதித்துக்கொண்டு போகிறது. உயர்ந்த தொனியின் அலை வாசலோடு அடங்கிவிடும், உள்ளே எட்டாது. சத்தம் கூடக் கூட இந்த மிதிப்பும் மேல்நோக்கி விரியும். அதாவது, ஏற்கெனவே அடித்தொனி கூடிய மண்டபத்தில் எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டினால் தெளிவு கூடாது, குறையும். அன்றைக்கு நான் செய்த பிழை அதுதான்.

இரைச்சலும் மூடும், ஆனால் எல்லா இரைச்சலும் அல்ல. பெல் தொலைபேசி ஆய்வுகூடத்தில் ஹார்வி ஃப்ளெட்சர் ஒரு தொனியைச் சுற்றி இரைச்சலின் அகலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பார்த்து 1940இல் எழுதினார். ஓர் அளவு வரை தொனி மூடப்பட்டுக்கொண்டு போனது. அந்த அகலத்தைத் தாண்டிய பிறகு எவ்வளவு இரைச்சல் சேர்த்தாலும் மேலும் மூடவில்லை. நாங்கள் முன்பு "பட்டை" என்று சொன்னது அங்கேதான் பிடிபட்டது. ஒரு தொனியை முக்கியமாகக் கெடுப்பது அதன் பட்டைக்குள் விழுகிற இரைச்சல்தான். மண்டபத்துக்குப் பின்னால் ஓடும் ஜெனரேற்றரின் உறுமல் ஆண்குரலின் அடியைக் கெடுக்கும், மின்விசிறிகளின் "உஸ்" மெய்யெழுத்துகளைக் கெடுக்கும். இரண்டுக்கும் மருந்து வேறு.

நேரத்திலும் மறைப்பு உண்டு. ஒரு பெரிய சத்தம் முடிந்த பிறகும் 100 முதல் 200 மில்லிசெக்கன் வரைக்கும் அதன் நிழல் கிடக்கும். ஒடாசிட்டியில் அரைச் செக்கன் இரைச்சல், பிறகு 10 மில்லிசெக்கன் வெறுமை, பிறகு 20 மில்லிசெக்கன் மெல்லிய தொனி வைத்துக் கேளுங்கள். தொனி மங்கும், அல்லது காணாமல் போகும். வெறுமையை 200 ஆக்கினால் திரும்ப வரும். தவிலில் செக்கனுக்குப் பத்து அடி ஓடினால் இடைவெளி 100 மில்லிசெக்கன். பலத்த அடிக்குப் பின்னால் வரும் மெல்லிய விரலடி அந்த நிழலுக்குள்தான் விழுகிறது. மைக்கைத் தொப்பிப் பக்கம் (இடப்பக்கம்) மட்டும் வைத்துவிட்டு வலந்தலையின் நுணுக்கம் கேட்கவில்லை என்று குறைப்படுவது சரியில்லை. சத்தத்துக்கு முன்னால் வந்த ஒலியும் மூடப்படுவதுண்டு, ஆனால் அது சில மில்லிசெக்கனோடு முடிந்துவிடும். வெடி கொளுத்திய பிறகு காது அடைத்துப்போவது இந்த மறைப்பு அல்ல. அது காது களைத்துப்போனதற்கு அடையாளம், கவனிக்க வேண்டியது.

உங்கள் கைபேசியில் கிடக்கும் எம்பி3 கோப்புகள் எல்லாம் இந்த இரண்டு மறைப்பையும் நம்பித்தான் சிறுத்திருக்கின்றன. மூடப்பட்டுப்போகும் பகுதிகளைக் கணித்து, அவற்றைக் கரடுமுரடாகப் பதிவது அதன் வழி. கார்ல்ஹைன்ஸ் ப்ராண்டன்பேர்க் முதலானோர் ஜேர்மனியில் அதை உருவாக்கினார்கள். அளவுக்கு மீறிச் சுருக்கினால் அடி விழ முன்னரே ஒரு "ஷ்" என்ற கசிவு கேட்கும், ஏனென்றால் முன்னோக்கிய நிழல் மிகக் குட்டையானது. 1975இல் மறைந்த யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவிலை இன்று பலரும் பலமுறை சுருக்கப்பட்ட கோப்புகளில்தான் கேட்கிறோம். விரல்கூட்டின் கூர்மை மழுங்கியிருந்தால் அது கலைஞரின் கையில் வந்த குறை அல்ல. வீட்டில் பழைய கசெட்டுகள் இருந்தால் சுருக்காமல், வேவ் கோப்பாகவே பதிந்து வையுங்கள்.

இரண்டு காது ஏன்

நல்லூர்த் திருவிழாக் கூட்டத்தில் பக்கத்தில் நிற்பவரோடு பேசும்போது ஒரு காதைப் பொத்திப் பாருங்கள். அவர் பேச்சு உடனே கூட்டத்துக்குள் அமிழ்ந்துவிடும். இரண்டு காதுக்கும் வரும் ஒலிகளை மூளை ஒப்பிட்டு, திசை வேறுபட்டதை வெளியே இழுத்தெடுக்கிறது.

இதைக் காட்டும் சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. ஒடாசிட்டியில் ஒரு மோனோ தடத்தில் வெள்ளை இரைச்சல். இன்னும் இரண்டு தடங்களில் 500 ஹேர்ட்ஸ், ஒன்றை முழு இடப்பக்கமும் மற்றதை முழு வலப்பக்கமும் தள்ளிவிடுங்கள். ஹெட்போனில் கேட்டபடி இரண்டு தொனியையும் சமமாகக் குறைத்து, இரைச்சலுக்குள் சரியாக மறையும் இடத்தில் நிறுத்துங்கள். இப்போது வலப்பக்கத் தொனியை மட்டும் தெரிவுசெய்து "இன்வேர்ட்" கொடுத்து அலையைத் தலைகீழாக்குங்கள். சத்தம் ஒரு துளியும் கூடவில்லை. ஆனால் மறைந்த தொனி எழும்பி வந்து நிற்கும். தாழ்ந்த தொனிகளில் இந்த நன்மை 15 டெசிபெல் வரை போகும்.

மிக்சருக்கு முன்னால்

சரி, இனி மண்டபத்துக்கு வருவோம். பாட்டோ பிரசங்கமோ விளங்கவில்லை என்று யாரும் வந்து சொன்னால் கையை மைக்கின் மேல் வைக்காதீர்கள். மற்றவற்றை ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். சுருதிப் பெட்டியை நிறுத்தினால் தெளிகிறதா? கீபோர்டை? மேடை மொனிட்டரை? எதை நிறுத்தியதும் சொல் வெளியே வருகிறதோ அதுதான் மூடுகிறது. முழுதாக நிறுத்த வேண்டியதில்லை. பாட்டுக்காரருக்குச் சுருதி கேட்க வேண்டும், ஆனால் அது அவருக்குப் பக்கத்திலுள்ள சின்ன ஸ்பீக்கரில் கேட்டால் போதும். சனத்துக்குப் போகும் பெட்டியில் அதைப் பாதிக்குக் கீழே வையுங்கள்.

அடுத்தது அடித்தொனி. பேச்சுக்கு 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே எதுவும் தேவையில்லை. மிக்சரில் "லோ கட்" பொத்தான் இருந்தால் பேச்சு மைக் எல்லாவற்றிலும் அமத்திவிடுங்கள். எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் அதன் உறுமல் 50இலும் 100இலும் 150இலும் நிற்கும். அதுவும் கொஞ்சம் அடங்கும். 200 முதல் 400 வரை மண்டபம் தானே சத்தத்தைப் பெருக்கிக்கொள்ளும், ஈக்குவலைசரில் (தாழ்ந்த, உயர்ந்த தொனிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் பகுதியில்) அங்கே 3 டெசிபெல் குறைத்தாலே வித்தியாசம் தெரியும். தமிழ்ச் சொல்லைச் சொல்லாக்குவது மெய்யெழுத்து. ச, ட, த, க எல்லாவற்றுக்கும் 2000 முதல் 4000 வரையுள்ள பகுதி முக்கியம், அவற்றின் பலமோ மிகக் குறைவு. மேல்நோக்கி மிதிக்கும் அடித்தொனிக்கு முதலில் பலியாவது அவைதான். கீழே குறைத்த பிறகும் போதவில்லை என்றால் மட்டும் இந்தப் பகுதியை 2 அல்லது 3 டெசிபெல் உயர்த்துங்கள். அதற்கு மேல் போனால் மைக் கூவும், கேட்பவர் காதிலும் குத்தும்.

இரண்டு நாதஸ்வரங்கள் சேர்ந்து வாசிக்கும்போது அவற்றுக்கிடையே வரும் நெளிவை ஈக்குவலைசரால் எடுக்கப் பார்க்காதீர்கள். அது அந்த இசையின் உயிர். ஸ்டீரியோ மிக்சராக இருந்தால் ஒன்றைச் சற்று இடப்பக்கமும் மற்றதைச் சற்று வலப்பக்கமும் வையுங்கள், மிச்சத்தைக் கேட்பவரின் இரண்டு காதும் பார்த்துக்கொள்ளும்.

எல்லாம் சரிசெய்த பிறகு மண்டபத்தின் கடைசி வரிசைக்கு நடந்து போங்கள். மேடையிலிருப்பவரிடம் பழகிய பாட்டைப் பாடச் சொல்ல வேண்டாம். தெரிந்த பாட்டின் சொற்களை மூளை தானே நிரப்பிவிடும், சோதனை பிழைத்துப்போகும். உங்களுக்குத் தெரியாத பத்துப் பெயர்களை வாசிக்கச் சொல்லுங்கள், உபயகாரர் பட்டியல் நல்லது. எத்தனை பெயர் பிழையில்லாமல் விளங்கியது என்று எண்ணுங்கள். சனம் வந்து நிறைந்ததும் உடுப்பும் உடம்பும் உயர்ந்த தொனிகளை உறிஞ்சிவிடும், அப்போது இன்னொரு தடவை அதே கடைசி வரிசைக்குப் போய் நின்று கேட்டுவிட்டு வாருங்கள்.